ஸ்பீக்கரைத் துடைப்பதற்கு முன்: சென்னை வீடுகளுக்கு ஒரு தூசி வழிகாட்டி

எங்கள் வீட்டின் இடது பக்க ஸ்பீக்கரில், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைப் போட்டவன் நான். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வீடே துடைப்பத்தின் கையில் இருந்தது. எல்லாவற்றையும் துடைக்கிறோம், இதை மட்டும் விடுவானேன் என்று முன்பக்க வலையைக் கழற்றி, ஈரத்துணியைச் சுருட்டி, பளபளப்பான அந்த அலுமினியக் குமிழைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் ஒரு தேய் தேய்த்தேன். சத்தம்கூட வரவில்லை. துணியை எடுத்தபோது குமிழ் உள்ளே போயிருந்தது. அதற்கு முன் 3 ஆண்டுகள் தூசி படிந்தே கிடந்த ஸ்பீக்கர் அது. அந்தத் தூசியோடு நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தெரிந்தவர்கள் வீட்டு ஸ்பீக்கர்களையும் கவனிக்கத் தொடங்கினேன். தூசியால் கெட்டுப்போனவற்றைவிட, தூசி துடைக்கப் போய்க் கெட்டுப்போனவைதான் என் கண்ணில் அதிகம் பட்டன. ஆகவே புதிதாக ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தூசி வராமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமானாலும் மெனக்கெடுங்கள். வந்த தூசியைத் துடைப்பதில் கொஞ்சம் சோம்பேறியாக இருங்கள்.

எது தாங்கும், எது தாங்காது

வலையைக் கழற்றினால் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு வட்டங்கள் தெரியும். பெரியது வூஃபர். காகிதத்திலோ பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கிலோ செய்த கூம்பு, நடுவில் ஒரு மூடி, சுற்றிலும் ரப்பர் அல்லது ஃபோம் வளையம். அந்த வளையம்தான் கூம்பை முன்னும் பின்னும் அசைய விடுகிறது. நடு மூடி அழகுக்காக வைத்ததன்று. அதன் பின்னால், காந்தத்தின் நடுவே உள்ள வளையம் போன்ற இடுக்கில் வாய்ஸ் காயில் என்னும் கம்பிச்சுருள் மிதந்தபடி இருக்கிறது. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அதற்குள் தூசி போகாமல் தடுப்பதுதான் மூடியின் வேலை. மூடி நசுங்கினாலும் பல நேரம் ஒலி மாறுவதில்லை, பார்க்கத்தான் அசிங்கம். கிழிந்தால் கதை வேறு.

சிறிய வட்டம் ட்வீட்டர். பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் அகலம். இதில் இரண்டு குலம் உண்டு. ஒன்று உலோகக் குமிழ். மிக மெல்லிய தகடு, ஒருமுறை குழி விழுந்தால் விழுந்ததுதான். மற்றொன்று பட்டு அல்லது வேறு துணியால் ஆன குமிழ். துணிக் குமிழில் அதிர்வை அடக்குவதற்காக ஒரு பூச்சு தடவியிருப்பார்கள். சிலவற்றில் அந்தப் பூச்சு லேசாகப் பிசுபிசுக்கும், அதனால் தூசியும் ஒட்டும். பார்ப்பவர்கள் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிசுக்கு ஸ்பீக்கர் செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அதைத் தொட வேண்டாம்.

பெட்டியின் முன்னாலோ பின்னாலோ குழாய் போன்ற ஒரு ஓட்டை இருந்தால் அது போர்ட். தாழ்ந்த ஒலிகளுக்கு வலு சேர்ப்பதற்காக வைத்தது. சென்னைப் பல்லிகளுக்கு அது வாடகை இல்லாத வீடு. பல்லியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊர்த் தூசி

தூசி எல்லா ஊரிலும் தூசிதான், ஆனால் சென்னையில் அதற்குத் துணைக்கு ஆள் அதிகம். நான் இருப்பது ஆற்காடு சாலைப் பக்கம். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலையைத் தோண்டிய ஆண்டுகளில், காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசி உலர்ந்த தூசி. பார்க்கப் பயங்கரம், ஆனால் ஊதினால் போய்விடும்.

அக்கா வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே மேசை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் ஸ்பீக்கரின் பின்பக்கத் திருகாணிகள் இரண்டே ஆண்டுகளில் துருப்பிடித்துவிட்டன. காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் கட்டிதட்டி ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில், அதிலும் இரவிலும் விடியற்காலையிலும், ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆகவே கடலோர வீட்டில் படியும் தூசி இரவில் உப்புநீராகவும் பகலில் உலர்ந்த உப்பாகவும் மாறி மாறி வேலை செய்கிறது. உலோகம் எங்கே வெளியில் தெரிகிறதோ அங்கேதான் அது முதலில் கை வைக்கும்.

மூன்றாவது, சமையலறை. திறந்த சமையலறை உள்ள அடுக்குமாடி வீடுகளில் தாளிப்புப் புகை வரவேற்பறைவரை வரும். எண்ணெய் ஆவி படிந்த இடத்தில் தூசி விழுந்தால் அது ஊதினாலும் போகாது, தட்டினாலும் போகாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கற்பூரக் கரியும் இதே இனம். பூஜை அலமாரிக்குக் கீழே ஸ்பீக்கர் வைத்திருக்கும் வீடுகளை நானே நான்கைந்து பார்த்திருக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, ஸ்பீக்கரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் கெட்டது இரும்புத் துகள். பக்கத்து வீட்டில் ஜன்னல் கம்பிக்கு வெல்டிங், கிரைண்டிங் நடந்தால் பறந்து வருவது இரும்பு. ஸ்பீக்கரின் உள்ளே இருப்பதோ காந்தம். மற்றத் தூசி தற்செயலாக வந்து படியும். இது இழுக்கப்பட்டு வரும், வந்தால் போகாது. அந்த வேலை நடக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், ஸ்பீக்கரை மூடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி மராமத்து பார்க்கும் மேசையில் இரும்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

எங்கே வைப்பது

பாதித் தூசிப் பிரச்சினை இடம் பார்த்து வைப்பதிலேயே தீர்ந்துவிடும்.

தரையில் வைக்காதீர்கள். பெருக்கும்போது கிளம்பும் தூசியின் முதல் வரவேற்பு தரையிலிருக்கும் பொருளுக்குத்தான். அதைவிட, நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். இன்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. அதன் கீழ் விளிம்பு ஈரம் குடித்தால் ரொட்டித்துண்டு டீயில் ஊறுவதுபோல் உப்பும். உப்பியது திரும்பச் சுருங்காது. நின்ற நிலையில் வைக்கும் உயரமான ஸ்பீக்கர் என்றால் கீழே ஒரு கருங்கல் பலகையோ நான்கு விரற்கடை உயரப் பீடமோ போடுங்கள். சிறிய ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டு; ட்வீட்டர் உட்கார்ந்து கேட்பவர் காது உயரத்துக்கு வந்தால் ஒலிக்கும் நல்லது. மழைநீர் வீட்டுக்குள் வரும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு உயரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். விசிறி இறக்கையின் மேல்பக்கம் கம்பளிபோல் தூசி சேர்ந்து, துடைக்கும்போது கொத்தாக விழும். இதற்கு ஒரு எளிய வழி: பழைய தலையணை உறையை இறக்கைக்குச் சட்டைபோல் மாட்டி, வெளியிலிருந்து அழுத்திப் பிடித்து உருவுங்கள். தூசி முழுவதும் உறைக்குள் விழும். வீட்டில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் இது நன்மை.

தெருப்பக்க ஜன்னலுக்கு எதிரே வைத்தால் தூசியோடு வெயிலும் சேரும். வெயில் ஃபோம் வளையத்தையும் மர மேற்பூச்சையும் சீக்கிரம் கெடுக்கும். வேறு இடமே இல்லை என்றால் கனமான திரைச்சீலை போடுங்கள்.

மூடி வைப்பது

முதல் மூடி ஸ்பீக்கரோடே வந்த வலை. வலையைக் கழற்றிவிட்டுக் கேட்டால் ஒலி தெளிவாக இருக்கிறது என்பார்கள் சிலர். சில ஸ்பீக்கர்களில் உண்மைதான், மிக மெல்லிய வித்தியாசம். கேட்கும்போது கழற்றுங்கள், கேட்டு முடித்ததும் மாட்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழற்றவே வேண்டாம். நடு மூடியைப் பார்த்த எந்தக் குழந்தையும் அதை அழுத்திப் பார்க்காமல் போனதில்லை.

இரண்டாவது மூடி துணி. இதற்குக் கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேட்டி போதும். அதை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் தைத்து, மேலிருந்து கவிழ்க்கும் உறையாக்கிவிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைக்கலாம். பாட்டு போடும் முன் எடுத்துவிட வேண்டும். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியான ஆம்ப்ளிஃபயரையும், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்களையும் மின்சாரம் ஓடும்போது மூடவே கூடாது. சூடு வெளியேற வழி வேண்டும்.

பிளாஸ்டிக் உறை வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் அதற்குள் மாட்டிக்கொண்டால் வெளியேறாது. இரவு முழுவதும் ஏ.சி. ஓடிக் குளிர்ந்த அறையில், காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த பரப்புகளில் வியர்க்கும். துணி என்றால் அது சிறிது நேரத்தில் உலரும். பிளாஸ்டிக்குக்குள் போனது தங்கி, காகிதக் கூம்பில் பூஞ்சையாக முளைக்கும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு வீட்டுக்குப் பட்டி பார்த்து வர்ணம் அடிக்கும் நாட்கள். பட்டி தேய்க்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூள் முகப் பவுடரைவிட நுண்ணியது, துணியையும் ஊடுருவும். முடிந்தால் ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் முதலில் துணி, அதன்மேல் பிளாஸ்டிக், வாய்ப்பக்கம் ஒட்டுநாடா. வேலை முடிந்து வீட்டைக் கழுவிய அன்றே பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும்.

ஆண்டில் மூடியே வைக்க வேண்டிய நாட்கள் இன்னும் சில: போகிப் புகை வரும் விடியற்காலை, தீபாவளியின் இரண்டு நாட்கள், வடகிழக்குப் பருவமழையில் சாரல் உள்ளே அடிக்கும் மாலைகள். ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தனப் பொட்டை நேரடியாகப் பெட்டியில் வைத்தால் மர மேற்பூச்சில் கறை நிற்கும். கூம்பில் வைத்தவரையும் எனக்குத் தெரியும். பெட்டியின் தலையில் ஒரு வெற்றிலையை வைத்து, பொட்டை அதன்மேல் வைத்தால் பூஜையும் ஆயிற்று, பெட்டியும் பிழைத்தது.

பல்லி, குளவி

போர்ட்டுக்குள் பல்லி குடிபுகுவது விளையாட்டுச் செய்தியல்ல. அதன் எச்சமும் முட்டை ஓடும் உள்ளே தங்கும், பெட்டிக்குள் வைத்திருக்கும் பஞ்சில் சிக்கிச் செத்துப்போனால் நாற்றம் மாதக்கணக்கில் நிற்கும். மண் குளவியும் இந்தக் குழாயை விரும்பும். ஊருக்குப் போகும்போது, அல்லது சில வாரம் பாட்டு கேட்கப் போவதில்லை என்றால், குழாயைவிடச் சற்றே பெரிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வாயில் செருகிவிடுங்கள். முழுவதும் உள்ளே தள்ளக் கூடாது, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் திரும்ப எடுக்க மறக்க மாட்டோம். அடைத்தபடியே பாட்டு போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கும்.

போர்ட்டுக்குள்ளோ ஸ்பீக்கர் மீதோ பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். அறைக்கு நறுமணம் தெளிப்பதும் அப்படியே. அந்தத் துளிகள் படிந்த இடம் தூசிக்குப் பசை.

துடைக்கத் தேவையானவை

நான் வைத்திருப்பது நான்கு பொருட்கள். கேமரா லென்ஸ் சுத்தம் செய்யும் ரப்பர் ஊதி. ஓவியக் கடையில் கிடைக்கும் அகலமான, மிக மென்மையான தூரிகை ஒன்று. முகப் பவுடர் பூசும் புதிய தூரிகையும் சரிதான். இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள். தண்ணீர் தொட்டுக்கொள்ள ஒரு சிறு கிண்ணம்.

அழுத்தக் காற்று டப்பாக்கள் விற்கிறார்கள். ஸ்பீக்கருக்கு அது வேண்டாம். வேகம் அதிகம், டப்பாவைச் சாய்த்தால் உள்ளிருக்கும் திரவமே குளிர்ந்து தெறிக்கும். வாயால் ஊதுவதும் தவறுதான், எச்சில் போகும். வாக்குவம் கிளீனர் வலைக்கும் பெட்டிக்கும் உதவும். திறந்திருக்கும் கூம்பின் பக்கமோ ட்வீட்டரின் பக்கமோ அதன் வாய் போகவே கூடாது. உறிஞ்சும் வேகத்தில் குமிழ் வெளியே வந்துவிடும்.

வேலை

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கிளப்பிய தூசி முழுவதும் திரும்ப வந்து உட்காரும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவைத்துவிடுவது நல்லது.

மேலிருந்து கீழாக, வெளியிலிருந்து உள்ளாக என்பது ஒழுங்கு. அதாவது பெட்டி, பிறகு வலை, கடைசியில்தான் கூம்பு. வலையைக் கழற்றாமலேயே முதலில் பெட்டியைத் துடையுங்கள். அப்போது விழும் தூசி வலையில் தங்கும், உள்ளே போகாது. இந்த ஒரு வரிசையை மாற்றிச் செய்துதான் பலர் வேலையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

பெட்டி மர மேற்பூச்சு என்றால் துணியைத் தண்ணீரில் நனைத்து, இனிப் பிழிய முடியாது என்னும்வரை பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. வினைல் ஒட்டிய பெட்டிக்கும் அதேதான். பியானோபோல் பளபளக்கும் கறுப்புப் பெட்டியை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. தூசியில் மணல் உண்டு. அது வட்ட வட்டமாகக் கீறலிடும். தூரிகையால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு ஈரத்துணி. கண்ணாடி துடைக்கும் திரவங்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு ஒரு கிண்ணம் தண்ணீரில். எதையும் பெட்டிமேல் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைப்பது முக்கியம்.

இனி வலை. காந்தத்தில் ஒட்டிய வலை சுலபமாக வந்துவிடும். பிளாஸ்டிக் ஆணிகளில் செருகிய வலைதான் வம்பு. ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் ஆணி முறிந்து ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். கீழ் மூலைகள் இரண்டையும் இரு கைகளால் பிடித்துச் சம அளவில் சற்றே வெளியே இழுங்கள், பிறகு மேல் மூலைகள், மறுபடி கீழ். நெம்புவதற்குத் திருப்புளி எடுத்தீர்களானால், அது காந்தத்தால் இழுக்கப்பட்டுக் கூம்பில் குத்தும். நடந்திருக்கிறது.

கழற்றிய வலையைப் பால்கனிக்கு எடுத்துப்போய்ப் பின்பக்கமாக லேசாகத் தட்டுங்கள். துணிகளில் ஒட்டிய முடி எடுக்கும் ஒட்டு உருளை இருந்தால் துணி வலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. உலோக வலையைத் தனியாகச் சோப்புநீரில் கழுவலாம். துணி வலையைத் தண்ணீரில் முக்காதீர்கள். சட்டத்தில் ஒட்டிய பசை விட்டுத் துணி தொய்ந்துவிடும். எதுவானாலும் நிழலில் காய வேண்டும், முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இப்போது கூம்பு. இங்கேதான் சோம்பேறித்தனம் தேவை. முதல் கேள்வி: உண்மையாகவே துடைக்க வேண்டுமா? மெல்லிய சாம்பல்நிறப் படலம் மட்டும் என்றால் வலையை மாட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். அந்தப் படலம் ஒலியைக் கெடுக்காது.

திட்டுத் திட்டாகத் தெரிந்தால், ரப்பர் ஊதியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, சாய்வாக இரண்டு மூன்று முறை அமுக்குங்கள். பிறகு தூரிகை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, தூரிகையின் நுனி மட்டும் படும்படி, சொந்த எடையிலேயே தவழ விடுங்கள். கூம்பு ஒரு நூல் அளவுகூட உள்ளே போகக் கூடாது. போகிறது என்றால் அழுத்துகிறீர்கள். ரப்பர் வளையத்தின் மடிப்பில் தூசி கோடாகச் சேரும். அதைப் பிழிந்த ஈரத்துணியை விரல் நுனியில் சுற்றி எடுக்கலாம். பிளாஸ்டிக் கூம்பையும் அப்படித் துடைக்கலாம். காகிதக் கூம்புக்கு ஈரமே ஆகாது. ரப்பருக்குப் பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெயோ காருக்குப் போடும் மெருகு திரவமோ தடவுகிறவர்கள் உண்டு. எண்ணெய் ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும்.

ட்வீட்டருக்கு ஊதி மட்டும். தூரிகைகூட வேண்டாம் என்பது என் கட்சி. உலோகக் குமிழில் தூரிகையின் இரும்புப் பூண் பட்டாலே போதும். தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் எங்கள் வீட்டுக்கு வந்து இடது பக்க ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஃபோம் வளையம் உள்ள பழைய ஸ்பீக்கர் அப்பா காலத்தது யாரிடமாவது இருக்கும். அதைத் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள். ஃபோம் ஈரக்காற்றிலேயே மெல்ல மெல்லச் சிதையும் பொருள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், உளுத்த மரம்போல் ஆகிவிடும். பிசுபிசுப்பாகவோ பொடிப்பொடியாகவோ தெரிந்தால் தூரிகை பட்டவுடன் கிழியும். அந்த நிலையில் சுத்தம் செய்வது வீண். வளையத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருப் பக்கம் போய் விசாரியுங்கள். கூம்பின் வெளி விட்டம், சட்டத்தின் உள் விட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருங்கும்.

கடலோரக்காரர்கள் பின்பக்கத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். கம்பி மாட்டும் சிவப்பு, கறுப்புத் திருகிகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பாசிநிறம் பிடித்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஆகும் வைத்தியம் இதற்கு ஆகாது. திருகிகளின் மேல் பொன்முலாம் மிக மெல்லியது. தேய்த்தால் போய்விடும், இடுக்கில் தங்கிய புளிப்பு மீதியைத் தின்னும். செம்புக் கம்பியின் நுனி பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்த ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். சிவப்புக் கம்பியின் இழையும் கறுப்பின் இழையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் போவது ஆம்ப்ளிஃபயர்.

ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து தூசி எடுக்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். வெளியிலுள்ள காற்றுத் துளைகளைத் தூரிகையால் தட்டிவிடுவதோடு நம் பங்கு முடிந்தது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? பெட்டியை வாரம் ஒருமுறை, வலையை மாதம் ஒருமுறை, கூம்பை ஆண்டுக்கு இரண்டு முறை. அதற்கு மேல் கூம்பின் பக்கம் போக வேண்டிய அவசியமே வராது. வீட்டு வேலைக்கு உதவ வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அக்கா, இந்த இரண்டு பெட்டியை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தொட வேண்டாம்." அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள்

இது வேறு சாதி. பெட்டியில் ஐ.பி. என்று தொடங்கும் ஒரு எண் போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 67 என்றால் 6 என்பது தூசி அறவே புகாது, 7 என்பது ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும். முதல் இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் தூசிக்கான சோதனை மதிப்பு தரப்படவில்லை என்று பொருள். இந்தச் சோதனையில் கடல்நீருக்கு இடமில்லை. பெசன்ட் நகர் மணலில் வைத்துப் பாட்டு கேட்டுவிட்டு வந்தால், சார்ஜ் செய்யும் துளையின் மூடி இறுகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்து, குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இரண்டாவது இலக்கம் 7 ஆக இருந்தால் மட்டும். முழுவதும் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு, ஆம்ப்ளிஃபயரின் ஒலி அளவைச் சுழியத்தில் வைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். நீங்கள் பலமுறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டை, மெதுவான அளவில், முதலில் இடது பக்கம் மட்டும், பிறகு வலது பக்கம் மட்டும் கேளுங்கள். தாழ்ந்த ஒலி வரும் இடங்களில் காகிதம் உரசுவதுபோல் ஒரு சரசரப்பு கேட்டால், வாய்ஸ் காயில் எங்கோ உரசுகிறது அல்லது இடுக்கில் ஏதோ புகுந்திருக்கிறது. உடனே அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். சத்தத்தைக் கூட்டினால் தானே சரியாகிவிடும் என்று பார்க்காதீர்கள்.

தனித்தனியாக இரண்டும் நன்றாக இருந்து, சேர்த்துக் கேட்கும்போது மட்டும் பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் அலைவதுபோலவும் மிருதங்கத்தின் அடி காணாமல் போனதுபோலவும் தோன்றினால் பதற வேண்டாம். ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். அணைத்துவிட்டு, அந்த ஒரு பெட்டியில் மட்டும் கம்பிகளை மாற்றி மாட்டுங்கள்.